முதல் கிண்ணமும் யூரிக் அமிலமும்

காலை ஆறு இருபது. ஷட்டர் பாதி ஏறும்போதே வாசலில் ஒன்பது பேர். முதலில் நின்றவர் பெயர் இப்ராகிம்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில், ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருவார்கள். சந்தேகத்தை மட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஊசி புதுசா? எதுக்கு இம்புட்டு ரத்தம்? மிச்சத்தை என்ன பண்ணுவீங்க? என் ரத்தம்தானா இது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தொண்டை வறண்டவராக நீங்கள் இருக்கலாம். இதே கேள்விகளைக் கேட்டவராகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் நாம் உட்காருவது ஒரே பெஞ்சில்தான். நான் சொல்லப்போவது பெரும்பாலும் இப்ராகிம் பாயைப் பற்றி. நடுவில் அதே பெஞ்சில் இருந்த இரண்டு பேர் வந்து போவார்கள்.

குழாயில் ஒரு பெயர்

இப்ராகிம் பாய் பேகம்பூர்க்காரர். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடும் பண்டாரி. அறுபதை ஒட்டிய வயது. அன்று ஒற்றைக் காலில் மட்டும் செருப்பு. இன்னொரு காலில் கட்டை விரலின் அடிமூட்டு தக்காளி நிறத்தில் வீங்கியிருந்தது, செருப்பு நுழையவில்லை. டாக்டர் யூரிக் அமிலம் பார்த்து வரச் சொல்லியிருந்தார்.

கையை நீட்டச் சொன்னேன். நீட்டவில்லை. ரத்தம் பிடிக்கும் குழாயைக் காட்டச் சொன்னார். அதில் ஒட்டியிருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். "இது நீங்க ஒட்டுனது" என்று சொல்லி, என் பையிலிருந்த பேனாவை வாங்கி, மேலேயே தன் பெயரை எழுதினார். அதன் பிறகுதான் கை வந்தது. ரத்தம் எடுத்த பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. குழாய் போன இடத்துக்கெல்லாம் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார். கடைசியில் மிஷின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, பிரியாணி அண்டாவுக்கு, அவர் பாஷையில் தேக்சாவுக்கு, தம் போட்டுவிட்டு உட்காருகிற மாதிரி, தோள் துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னோடு வேலை செய்யும் செல்வி கண்ணைக் காட்டினாள். இருக்கட்டும் என்றேன்.

ஏழுக்குள் இருக்க வேண்டிய யூரிக் அமிலம் ஒன்பதரையைத் தாண்டி நின்றது. திரையில் அவரே பார்த்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்: "பிரியாணி அடிப்பிடிச்சா அரிசி மேல பழி போடுற ஆளு நான் இல்ல தம்பி. ஆனா இந்த மிஷினை ஒரு தடவை நல்லாக் கழுவிட்டுப் போட்டுப் பாருங்க."

முட்டியோடு நிறுத்திக்கொள்ளவும்

யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது என்று பெஞ்சில் யாராவது கேட்பார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். உயிருள்ள எதை எடுத்தாலும், ஆடானாலும் நெத்திலியானாலும் முருங்கைக்கீரையானாலும், அதன் செல்லுக்குள் டி.என்.ஏ. என்று ஒரு நீளமான ஏணி இருக்கிறது. ஏணியின் படிகள் நைட்ரஜன் உள்ள சின்னச் சின்னக் காரங்களால் ஆனவை. அடினின், குவானின், சைட்டோசின், தைமின் என்று நாலு. ஆர்.என்.ஏ. என்ற இன்னொன்றில் தைமின் இருக்காது. அந்த இடத்தில் யுராசில். ஆக மொத்தம் ஐந்து பேர். செல் செத்துப் படிகள் உடையும்போது சைட்டோசின், தைமின், யுராசில் மூன்றும் சத்தம் காட்டாமல் கரைந்து வெளியே போய்விடும். அடினினும் குவானினும்தான் போகிற வழியில் யூரிக் அமிலமாக மாறும். சிறுநீரகம் தள்ளியது போக மிஞ்சினால் ஊசி ஊசியாகப் படிந்து மூட்டில் உட்காரும். எந்த ஆபீசிலும் ஐந்து பேரில் இரண்டு பேர் அப்படி இருப்பார்கள்.

அன்று காலை இதைச் சொல்லிக்கொண்டே, சித்தையன்கோட்டைப் பக்கத்து விவசாயி வெள்ளைச்சாமியின் கையில் ரப்பரைக் கட்டினேன். முட்டி வலி என்று வந்தவர். டி.என்.ஏ. என்ற சொல் காதில் விழுந்ததும் ரப்பரோடு கையை இழுத்துக்கொண்டார்.

"டி.என்.ஏ.வா? அதுக்கு நான் சம்மதம் சொல்லலையே."

"அதைப் பார்க்கலைங்கய்யா. அது உடைஞ்சு வர்ற கழிவைத்தான் பார்க்கிறோம்."

"கழிவைப் பார்த்துட்டா ஆளைப் பார்த்த மாதிரிதான?"

கதை மெல்ல வெளியே வந்தது. வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வயல் கோர்ட்டில் கிடக்கிறது. எதிர்க்கட்சி, சித்தப்பா மகன். வெள்ளைச்சாமி தங்கள் வம்சமே இல்லை என்று அந்தப் பங்காளி வக்கீல் மூலம் பேசிக்கொண்டிருக்கிறான். "அவன் இங்க வந்தானா? செவத்த ஆளு, காதுல கடுக்கன் போட்டிருப்பான்" என்று கேட்டார். வரவில்லை என்று செல்வியும் நானும் சத்தியம் செய்தோம். பாயும் தான் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், கடுக்கன் போட்ட யாரும் வரவில்லை என்றும் சாட்சி சொன்னார். வெள்ளைச்சாமி கையை மறுபடி நீட்டினார். ஊசி உள்ளே போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "முட்டியோட நிறுத்திக்கங்கப்பு. வயலுக்குள்ள எறங்கிராதீங்க."

கறி தொடாத டீச்சர்

அதே காலை, அதே பெஞ்ச். ஓய்வு பெற்ற விசாலாட்சி டீச்சர். முட்டை போட்டிருக்கும் என்று பேரன் பிறந்தநாள் கேக்கைக்கூடத் தொடாதவர். அவருக்கு யூரிக் அமிலம் எட்டுக்குப் பக்கத்தில் வந்தது. என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெஞ்சில் பாய் இருந்த பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நகர்ந்துகொண்டார். "எனக்கு முன்னாடி மிஷின்ல இவரோடது ஓடுச்சு. இவரோட ரத்தம் என் கணக்குல வந்திருக்கு" என்றார்.

பாய் விட்டுக்கொடுக்கவில்லை. "என் குழாயில நான் கைப்பட எழுதியிருக்கேன்மா. நீங்க எழுதலையா?" என்று கேட்டார். டீச்சருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

கறி சாப்பிட்டால்தான் வரும் என்றில்லை என்று நான் விளக்கினேன். நம் உடம்பிலேயே தினமும் செல்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் ஏணியும் உடைகிறது. அந்த அடினினும் குவானினும் யூரிக் அமிலம்தான் ஆகின்றன. சொல்லப்போனால் பெரும்பங்கு உள்ளேயிருந்து வருவதுதான். சாப்பாட்டில் வருவது மிச்சம். சிலருடைய சிறுநீரகம் அதை மெதுவாகத்தான் வெளியேற்றும். நாற்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்த முகத்தோடு டீச்சர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்: "அப்ப எனக்குத் தெரியாம என் உடம்பு கறி சாப்பிடுதுங்கறீங்க."

பீர்க்கங்காய்க்குச் சாட்சி

டாக்டர் பாய்க்கு வலி மாத்திரை மட்டும் கொடுத்தார். ஒரு மாதம் கறியை நிறுத்திப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம் என்றார். சிறுநீரகத்தையும் அது பிடிக்கக்கூடும் என்று எச்சரித்தார். பாய்க்குச் சிறுநீரகம் பெரிதாகத் தெரியவில்லை. கால்தான் பெரிது. கல்யாண வீட்டில் விறகடுப்பு முன்னால் விடியலிலிருந்து மத்தியானம் வரை நிற்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து சமைக்கிற பண்டாரியை யாரும் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். "நாக்கும் காலும்தான் தம்பி நமக்கு. ரெண்டுல ஒண்ணு போனாலும் தேக்சாவைக் கவுத்து வச்சுட்டு வீட்டுல உக்காரணும்" என்றார்.

ஒரு மாதம் கழித்து வந்தார். பெயர் எழுதினார், மிஷின் முன்னால் உட்கார்ந்தார். எண் குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. இந்தத் தடவை மனைவி ஜமீலாவும் கூட வந்திருந்தார்கள். கறி வீட்டுக்குள்ளேயே வருவதில்லை என்றார்கள். பீர்க்கங்காய், சுரைக்காய், ரசம், மோர். வேறு வெஞ்சனமே கிடையாது. பாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம் சொன்னார்கள்: "வீட்டுல நான் பாக்குறேன் தம்பி. வெளியில என்ன நடக்குதுன்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம். நீங்க ஆம்பள, கொஞ்சம் விசாரிங்க."

"ஒரு துண்டு கறி இந்த வாய்க்குள்ள போயிருந்தா கேளு" என்றார் பாய்.

"துண்டு போகலைன்னா தொடை போயிருக்கும்."

அவர்கள் போனதும் செல்வி கிட்டே வந்தாள். வேடசந்தூர்ப் பெண். எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. பாய் மேல் பட்டை கிராம்பு வாசனை வருவதைக் கவனித்தீர்களா என்று கேட்டாள். பண்டாரி மேல் மல்லிகைப்பூ வாசனையா வரும் என்று கேட்டேன். அவள் சமாதானமாகவில்லை: "பீர்க்கங்காய் தின்னு இம்புட்டு யூரிக் ஆசிட் வரும்னா, எங்க ஊர்ல ஒருத்தரும் நடக்க முடியாது சார்."

உப்புப் பார்த்தல்

எங்கள் லேபுக்கு நெடுநாளாக வரும் தோல் வியாபாரி ஒருவர் மகள் நிக்காஹுக்குப் பத்திரிகை கொடுத்தார். பிரியாணி யார் என்று கேட்டேன். இப்ராகிம் பாய் என்றார். சாப்பாட்டு நேரத்துக்குப் போக வேண்டிய நான் காலை ஒன்பது மணிக்கே மண்டபத்தின் பின்பக்கம் போய் நின்றேன். வேவு பார்க்கத்தான்.

நாலு தேக்சா வரிசையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. பாய் ஒரு துண்டுக் கறியைத் தொடவில்லை. அடுப்பு ஆட்கள் ஈரலை வறுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அரிசி போடும் நேரம் வந்தது. பெண்ணைப் பெற்றவர் வந்து, கொதிக்கும் கறிச் சாற்றை ஒரு கிண்ணத்தில் மொண்டு இரண்டு கையாலும் பாயிடம் நீட்டினார். பாய் பிஸ்மில்லா சொல்லி, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்தார். கண்ணை மூடி, "உப்பு சரி" என்றார். சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் தெளிந்தது. அந்தத் தேக்சாவில் அரிசி விழுந்தது. பிறகு இரண்டாவது தேக்சா, இரண்டாவது கிண்ணம். பிறகு மூன்றாவது. நாலாவது.

ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். எல்லாக் கல்யாணத்திலும் இப்படித்தானாம். தேக்சாவுக்கு ஒரு கிண்ணம். பண்டாரி குடித்துச் சரி என்று சொல்லாமல் அரிசி விழாது. அவருடைய அத்தா காலத்திலிருந்தே வழக்கம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "பாய், யூரிக் ஆசிடா மாறுற அந்தச் சனியன் தண்ணியில கரையுற சாமான். கறி வேகுறப்ப துண்டுல இருந்து எறங்கிச் சாத்துக்குள்ள வந்துரும். நீங்க துண்டை விட்டுட்டு அது கரைஞ்சு நிக்கிற தண்ணியைக் கிண்ணம் கிண்ணமாக் குடிக்கிறீங்க" என்றேன். டாக்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை, நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையில் பொய் எதுவும் இல்லை. "என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டீங்க, சொன்னேன். இது சாப்பாடா தம்பி? இது வேலை."

குடிக்காத பண்டாரி

அடுத்த இரண்டு வாரம் பாயைக் காணவில்லை. மூன்றாவது வாரம் வந்தார். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. ஆனால் பெஞ்சில் உட்காரவில்லை.

நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்தில், கிண்ணத்தை வாங்கி, கரண்டி நுனியால் நாக்கில் தொட்டுப் பார்த்து, உப்பு சரி என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்திருக்கிறார். அதைப் பெண்ணின் தாய்மாமா பார்த்துவிட்டார். பண்டாரியே குடிக்கவில்லை என்ற பேச்சு, அரிசி வேகும் முன்னால் பந்தல் முழுக்க வெந்துவிட்டது. கறி நேற்று வெட்டியது என்றார்கள். செத்த ஆடு என்றார்கள். கறிக்கடைக்காரரைப் போனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். முதல் பந்தியில் பாதிப் பேர் கறியை ஒதுக்கிவைத்துச் சோறும் தால்ச்சாவும் மட்டும் சாப்பிட்டு எழுந்தார்கள். யாருக்கும் ஒரு வயிற்று வலிகூட வரவில்லை. ஆனாலும் அடுத்த மாதத்துக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு வீட்டார் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள்.

வியாதி என்று சொல்லிவிடலாமே என்றேன். "கால் போன பண்டாரின்னு நானே தமுக்கடிக்கவா?" என்றார். வாயில் ஊற்றித் துப்பிவிடலாமே என்றாள் செல்வி. கல்யாண வீட்டுச் சாப்பாட்டைத் துப்புவதா என்று அவளை முறைத்தார். அடுப்பில் நிற்கிற ஆட்களில் ஒருவர் குடித்தால் என்ன என்று கேட்டேன். அவர்கள் என் ஆட்கள், என் ஆள் சொன்னால் எவன் நம்புவான் என்றார். கடைசியில் மிஷினைக் கைகாட்டிச் சொன்னார்: "இது என் காலைக் காப்பாத்திருச்சு தம்பி. பொழப்பை எது காப்பாத்தும்?"

செல்வி கையுறையைக் கழற்றிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "நம்ம ஆளு குடிச்சாத்தான நம்ப மாட்டாங்க? சம்பந்தமில்லாத ஆளு குடிக்கட்டும்." சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். பாயும் பார்த்தார்.

சம்பந்தமில்லாத ஆள்

பாய் கையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கல்யாணம். அதிலும் பேச்சு வந்தால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மண்டபத்துப் பின்பக்கம் போனபோதே தெரிந்தது. நிலக்கோட்டைச் சேதி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. எந்தக் கல்யாணத்திலும் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத பெரியவர்கள், வெள்ளைத் தொப்பியோடு அரைவட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பாய்க்கு சலாம் சொல்வதில் குறை வைக்கவில்லை. கண் மட்டும் அவர் வாயை விட்டு நகரவில்லை.

கிண்ணம் வந்தது. பாய் நாக்கு நுனியில் தொட்டார். உப்பு சரி என்றார். கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் எழுந்தார்.

"இவரு யாரு?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட லேப்ல ரத்தம் பாக்குறவரு, மாமு" என்றார் பாய்.

"அவருக்கு இங்க என்ன வேல?"

பாய் என்னைப் பார்த்தார். நோயாளியின் ரகசியத்தை நான் சொல்ல முடியாது. எனவே குடித்தேன். நாக்கு வெந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். அத்தனை பேரும் நான் விழுவேன் என்று எதிர்பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஒருவர் எனக்கு நாற்காலிகூடப் போட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பெரியவர் என் கண்ணையும் நெற்றியையும் சோதித்துவிட்டுத் திரும்பி, அடுப்பு ஆட்களிடம் சத்தமாகச் சொன்னார்: "டெஸ்ட் பண்ணாமயா லேப்காரரு குடிப்பாரு? அரிசியைப் போடுங்கப்பா."

அப்படி எந்த டெஸ்ட்டும் செய்யவில்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பாய் என் காலை மிதித்தார். சுகமான காலால்தான் மிதித்தார்.

அன்றிலிருந்து இப்ராகிம் பாய் பிரியாணி என்றால் டெஸ்ட் பண்ணின கறி என்று ஊரில் பேச்சு. மறுத்துச் சொன்ன இடத்திலெல்லாம் என்னைத் தன்னடக்கக்காரன் என்றார்கள். விலகிப் போன இரண்டு வீட்டாரும் திரும்பி வந்தார்கள், நான் வருவேனா என்று உறுதி செய்துகொண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். தேக்சாவுக்கு ஒரு கிண்ணம். பாயின் எண் ஏழுக்குள் இறங்கியது. திரையில் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மிஷினை ஒழுங்காக் கழுவியிருக்கீங்க" என்றார்.

பக்ரீத் கழிந்த திங்கட்கிழமை காலை செல்வி என் ரத்தத்தை எடுத்தாள். யூரிக் அமிலம் எட்டைத் தாண்டியிருந்தது. குழாயின் மேல் பெயரை என் கையாலேயே எழுதியிருந்தும், மிஷினை ஒரு தடவை கழுவிவிட்டுப் போடச் சொன்னேன்.